என் கடையில் நான் பார்க்க மட்டும்

பேனர் அடிக்கிற தொழிலில் எனக்கு முதல் துரோகம் செய்தவன் என் அக்கா மகன் கதிர். உங்கள் கடைக்கும் இப்படி ஒரு படித்த சொந்தக்காரன் வந்திருந்தால், மேற்கொண்டு படியுங்கள்.

பெட்டி போனது

திண்டுக்கல், கன்னிவாடி, குஜிலியம்பாறை என்று எனக்கு மூன்று கடை. எல்லா டிசைனும் திண்டுக்கல்லில் என் காலடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் கதிர் திருவிழாவுக்கு வந்தான். மூன்று கடையும் ஒரே இடத்திலிருந்து டிசைன் எடுக்கலாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றினான். மும்பையில் நாலைந்து கம்ப்யூட்டரை வாடகைக்குச் சேர்த்துக் கட்டியிருக்கிறானாம். ஒன்று படுத்தாலும் மற்றது தாங்குமாம். பெட்டி மக்கர் செய்தால் பக்கத்தில் ஒரு தட்டு தட்டுவேன், சரியாகிவிடும். இனி என்ன செய்வது என்று கேட்டேன்.

"தட்டணும்னா மும்பைக்குத்தான் போகணும் மாமா."

பிரியாணிக் கடை வாசல்

நம் தொழிலில் யார் புது பேனர் போடுகிறோம்? நேற்றைய டிசைனைத் திறப்போம், படத்தை மாற்றுவோம், பெயரை அடிப்போம், அதன் மேலேயே சேவ் செய்வோம். ஒரு பெட்டி, ஒரு ஆள் என்று இருந்தவரை வம்பில்லை.

பஷீர் பாயின் பிரியாணிக் கடைக்கு ஆண்டு விழா பேனர் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதற்குள் கன்னிவாடிக் கடையில் டிசைன் போடும் ஜெயா அதே டிசைனைத் திறந்து, கண்ணீர் அஞ்சலியாக மாற்றி, மேலேயே சேவ் செய்துவிட்டாள். நான் வந்து, திறந்து பார்க்காமலே பிரிண்ட் கொடுத்தேன். சுருட்டி வாங்கிப் போன பையன்கள் விடியுமுன் கட்டிவிட்டார்கள். காலையில் பாய் போன் செய்தார்.

"அண்ணே, என் கடை வாசல்ல யாரோ ஒரு பெரியவரு மாலையோட சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு. பிரியாணி வாங்க வந்தவுக துக்கம் விசாரிச்சிட்டுத் திரும்பிப் போறாக."

தொடக்கூடாது

சேவ் செய்தது ஜெயா. தண்டனை எனக்கு. கதிர் யாரையும் விசாரிக்கவில்லை. பெங்களூரில் உட்கார்ந்தபடியே, நான் எதையும் திறந்து பார்க்கலாம், மாற்றிச் சேவ் செய்ய முடியாது என்று ஆக்கிவிட்டான். நான் வெட்டி ஒட்டிய முகங்கள், நான் தேடிப் பிடித்த எழுத்துகள். சேவ் அழுத்தினால் அனுமதி இல்லை என்கிறது. நாற்காலியில் இருப்பு கொள்ளவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். கடைசியில் ஜெயாவுக்கே போன் போட்டு, உன் பாஸ்வேர்டையாவது கொடு என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. உங்களுக்கு மட்டும் குடுத்துற வேணாம்னு கதிர் சார் சொல்லிருக்காரு."

காதணி விழா

குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் மகளுக்குக் காது குத்த பேனர் கேட்டு வந்தார். ஜெயா போட்டு வைத்த டிசைனில் பிள்ளையின் தாய்மாமன் படம் அப்பா படத்தைவிடச் சின்னதாக இருந்தது. பெரிதாக்கச் சொன்னார். என்னால் முடியாதே. கதிரைக் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன் மாமா" என்று வைத்துவிட்டான். அவனுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துப் பிடித்திருந்தவன் நான். விவசாயி விடவில்லை.

"படம் சின்னதா இருந்தா எங்க மச்சான் பந்தியில கை நனைக்க மாட்டாரு. மாமனுக்கு உண்டான எடத்த மொதல்ல குடுங்கண்ணே."

ஜெயாவைக் கெஞ்சி அவர் மச்சானுக்கு உண்டான இடத்தை வாங்கிக் கொடுத்துவிட்டேன், எனக்கு உண்டானதைக் கொடுக்க வேண்டியவன் இன்னும் மீட்டிங்கில்தான் இருக்கிறான்.