ஒன்றும் நடக்காத வாசல்

ஒரு வாசலில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், அங்கே காவல் இருந்ததால் நடக்கவில்லையா, இல்லை, காவல் இல்லாவிட்டாலும் நடந்திருக்காதா? விசிலக்காவின் பிழைப்பு இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியைக்குத் தலைவலி வந்ததும் இதனால்தான்.

அரசுப் பணத்தில் பள்ளிகளுக்குக் காவலர் வைக்கும் திட்டம் வந்தபோது, தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த விசிலக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. விசிலை ஊதியதைவிடத் தொலைத்ததே அதிகம். பழகிய கை வேறு சும்மா இருக்காது. பெற்றோர் நீட்டும் அனுமதிச் சீட்டையெல்லாம் சரிபாதியாகக் கிழித்து, ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வருடக் கடைசியில் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. ஆபத்து உள்ள பள்ளிக்குத்தான் இனிமேல் பணமாம்.

"அக்கா, ஏதாவது ஒரு சம்பவம் சொல்லுங்க. இல்லன்னா உங்க வேலைக்கு வேட்டு."

"பூனை வந்துச்சே, டீச்சர்."

"பூனைக்கெல்லாம் பணம் தர மாட்டாங்க. மதில் ஏறினாரே ஒருத்தர், அவரைச் சொல்லுங்க!"

அது நிஜமாகவே நடந்தது. மனைவியைப் பிரிந்த ஒருவர், மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளைச் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிப்போக மதில் ஏறினார். உச்சிக் கம்பியில் கால்சட்டை மாட்டிக்கொண்டது. தலைமையாசிரியை மாடி ஜன்னலில் நின்று பதற, கீழே விசிலக்கா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இறங்குறீங்களா, இல்ல அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

"மாட்டிக்கிச்சுக்கா..."

ஏணி வைத்து இறக்கி, கிழிசலுக்கு ஊக்கு குத்தி, தண்ணீர் கொடுத்து, வெகுநேரம் ஏதோ பேசி, வாசல் வழியாகவே அனுப்பிவைத்தார். அதற்குப் பின் அந்த மனிதர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அதிகாரி வந்தபோது சின்ன வகுப்புகள் விட்டிருந்தன. அவர் அரசுக் கடிதத்தை நீட்டினார். விசிலக்கா அதைச் சரிபாதியாகக் கிழித்து, "படம் விடுற வரைக்கும் பத்திரமா வச்சுக்குங்க சார்" என்றார்.

தலைமையாசிரியைக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்லவேளை, அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு கேட்டார்: "சரிம்மா, இந்த வருஷம் இங்க என்ன நடந்துச்சு?"

அம்மாவுக்காக வாசலோரம் காத்திருந்த அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி, பையின் வாரைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் நடக்கல சார்" என்றார் விசிலக்கா.

"அக்கா! நல்லா யோசிச்சுப் பாருங்க!"

"யோசிச்சுட்டேன் டீச்சர். பூனைகூட வரல."

தலைமையாசிரியை தானே சொல்லிவிட வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து விசிலக்கா, அதிசயமாய்த் தொலையாமல் இருந்த விசிலை எடுத்து ஓங்கி ஊதினார். சத்தம் அடங்குவதற்குள் அதிகாரி, 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த வருடப் பணம் வேறு பள்ளிக்குப் போனது. விசிலக்கா பழைய தியேட்டருக்கே திரும்பினார். மனம் ஆறாத தலைமையாசிரியை ஒருநாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு அங்கேயே போய் நின்றார்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

விசிலக்கா டிக்கெட்டைக் கிழித்து, பாதியை அவர் கையில் வைத்தார்.

"படம் போட்டுட்டாங்க டீச்சர். உள்ள போங்க."