ஒரே விமானத்துக்கு வந்த இரண்டு தாய்மார்

யர்மிலா லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இலங்கைத் தமிழரான அருமைநாயகியின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தாள். ஐரோப்பாவில் பலர் ‘ஜிப்சி’ என்று இழிவாகப் பார்க்கும் ரோமா இனத்தைச் சேர்ந்த செக் நாட்டுப் பெண். அவளுடைய கறுத்த முடியையும் நிறத்தையும் பார்த்துக் கடைகளில் தமிழ்ச் சனம் தமிழிலேயே பேச்சுக் கொடுக்கும், சிரித்துச் சமாளிப்பாள். கணவன் பாவெல் அதே நாட்டு வெள்ளைக்காரன், கட்டட வேலை செய்பவன். ரோமாப் பெண்ணைக் கட்டியதற்காக அவன் தாய் வேரா மூன்று வருடம் மகனோடு பேசவில்லை.

2001 ஆகஸ்டில் ஆண் குழந்தை பிறந்ததும் வேராவின் கோபம் தணிந்தது. பேரனைப் பார்க்க யர்மிலாவின் தாய் மார்கிதாவோடு சேர்ந்து வருவதாகச் சொன்னார். அருமைநாயகியின் கணவர் தியாகராஜா குடிவரவு அதிகாரிகளிடம் காட்ட இருவருக்கும் ஒரே மாதிரி அழைப்புக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தார்.

ஹீத்ரோ விமான நிலையத்தில் வேரா மட்டும்தான் வெளியே வந்தார்.

“அம்மா எங்கே?” என்று யர்மிலா கேட்டாள்.

வேரா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அங்கே எங்கள் நாட்டு விமான நிலையத்திலேயே, விமானம் ஏறும் முன்பே பிரிட்டிஷ் அதிகாரிகள் விசாரித்தார்கள். என்னிடம் எத்தனை நாள் தங்குவேன் என்று மட்டும் கேட்டார்கள். அவரை அரை மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டுவிட்டு, ஏற விடவில்லை.”

வீட்டில் தியாகராஜா கவலைப்பட்டார். “என்ரை கடிதத்திலதான் ஏதும் பிழையோ தெரியேல்லை.”

“ரெண்டும் ஒரே கடிதம்தானே?” என்றாள் அருமைநாயகி. “ஆளின்ரை முகத்தைப் பாத்து மறிச்சிருக்கிறாங்கள். எங்களை ஊரில எத்தனை இடத்தில இப்பிடி மறிச்சவங்கள், மறந்திட்டியளோ?”



இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் வாக்குமூலங்களை வழக்குப் போடுவதற்காக வழக்கறிஞர்கள் சேகரிப்பதாகப் பாவெல் அறிந்து வந்தான். ஊர் திரும்புவதற்கு முதல் நாள் வேரா தானாகவே அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னார். கடைசியில், “நானும் அந்த அதிகாரிகளைப் போலத்தான் ரோமாச் சனத்தைக் கேவலமாக நினைத்திருந்தேன். அதையும் எழுதுங்கள்” என்றார்.

2004 மே மாதம் செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அடுத்த மாதமே மார்கிதா வந்தார், யாரும் மறிக்கவில்லை. ஆனால் மூன்று வயதை நெருங்கிய பேரன் அவரைக் கண்டதும் பாவெலின் காலைக் கட்டிக்கொண்டான். அவன் அவர் மடியில் ஏற ஒரு கிழமை எடுத்தது.

அந்த டிசம்பரில், விமான நிலையத்தில் ரோமா மக்களை நடத்திய விதம் இனப் பாகுபாடு என்று அந்த வழக்கில் பிரிட்டனின் உயர் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். யர்மிலா அழுதுகொண்டே, ஊர் திரும்பியிருந்த தாய்க்குத் தொலைபேசியில் சொன்னாள்.

மார்கிதா, “குழந்தை என்னை நினைக்கிறானா?” என்று கேட்டார்.