ஒரு முட்டி அதிகம்

ஹார்க் லோரன்சன் ஹெல்மோக் தீவுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் நடந்தே தபால் கொண்டுபோனவர். கரையிலிருந்து தீவு ஏழு கிலோமீட்டர். நீர் வற்றியதும் கடலடிச் சேறு நடக்கிற நிலமாகும். நீர் ஏறிவிட்டால் அதே இடம் ஆள் மூழ்கும் ஆழம். வற்றம் நாளுக்கு இரண்டு முறை வரும், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வரும். நிலா உச்சிக்கு வருவது நாளுக்கு நாள் அவ்வளவு பிந்துவதே காரணம்.

1980 ஏப்ரல் 6 அன்று கோடை நேரத்துக்காக நாட்டுக் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். கடல் ஏறி வற்றும் நேரங்களை அச்சிட்ட ஓத அட்டவணையோ பழைய நேரத்திலேயே இருந்தது. சேற்றில் நடப்பவர்கள் அவரவரே ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மூட்டு வலிக்காக இரண்டு வாரம் விடுப்பிலிருந்த ஹார்க், ஜூன் 20, வெள்ளிக்கிழமை, வேலைக்குத் திரும்பினார். அட்டவணையில் வற்றம் பகல் ஒன்று. அவர் மனைவி வீப்கே ஒரு மணி நேரம் கூட்டி, இரண்டு என்று சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாள். ஹார்க் அந்தச் சீட்டைப் பார்த்து, அது அட்டவணை நேரம் என்று நினைத்து, இன்னும் ஒரு மணி நேரம் கூட்டினார். மூன்று. இருவரும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

ஒன்று நாற்பதுக்குப் புறப்பட்டார். உடன் அல்முட் டீச்சர். தீவிலிருக்கும் ஆறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் புதிதாக வேலைக்கு வந்தவள்.

"நாளைக்கு நிலா பாடம்," என்றாள். "நிலாவுக்குச் சொந்த வெளிச்சமே கிடையாது, சூரியன் பட்ட பாதிதான் மின்னும்னு ஆரஞ்சுப் பழத்தை வெச்சுக் காட்டப் போறேன்."

"ஆரஞ்சா? அந்தப் பசங்க பாடம் முடியறதுக்குள்ள நிலாவைத் தின்னுடுவாங்க, டீச்சரம்மா."

"தின்னட்டும். இன்னிக்கு அரைநிலா, கவனிச்சீங்களா? சூரியன் ஒரு பக்கம், நிலா அதுக்குச் செங்கோணத்துல இன்னொரு பக்கம் இழுக்கும். அமாவாசை, பௌர்ணமி மாதிரி ரெண்டும் சேந்து இழுக்காது. அதனால ஏத்தம் கம்மி. பயமில்ல, இல்லையா?"

"ஏத்தம் கம்மின்னா வத்தமும் கம்மி. வழியில குறுக்கே இருக்கிற பெரிய ஓடை இன்னிக்கு ஒழுங்கா வடியாது. பாவாடையை முழங்காலுக்கு மேல தூக்கி முடிஞ்சுக்கங்க, அது போதும்."

கிழக்கே வெண்புகைபோல மூட்டம். இரண்டு ஐம்பதுக்கு அது விலகியது. வெளுத்த அரைநிலா தெரிந்தது. அல்முட் கைதட்டிச் சிரித்தாள். ஹார்க் நின்றுவிட்டார்.

ஜூன் மாத அரைநிலாவை அவர் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார். வற்றம் முடிகிற வேளையில் அது அடிவானத்துக்கு மேல் அரைக் கைமுட்டி உயரம்தான் ஏறியிருக்கும். அவர் கையை நீட்டி முட்டி மடக்கி வைத்துப் பார்த்தார். அடிவானத்திலிருந்து ஒன்றரை முட்டி. மறுபடி வைத்தார். ஒன்றரை. ஒரு முட்டி அதிகம். ஒரு முட்டி ஏற நிலாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

நிலா தவறாது. தவறியது அவர்தான்.

கீழே பார்த்தார். மேற்கே வடிந்துகொண்டிருக்க வேண்டிய மெல்லிய நீர்க்கோடுகள் நுரையைத் தள்ளிக்கொண்டு கிழக்கே ஊர்ந்தன. கதவில் இருந்த சீட்டு நினைவுக்கு வந்தது. அது வீப்கேயின் கையெழுத்து; அவள் ஏற்கெனவே கூட்டித்தான் எழுதியிருக்கிறாள்.

"என்னாச்சு, ஹார்க்?"

"வேகமா நடங்க."

"திரும்பிடலாமா?"

"கரையோரத்துச் சின்ன ஓடை நாம போய்ச் சேர்றதுக்குள்ள ரொம்பிடும். முன்னாடிதான். பேசாதீங்க, மூச்சை வெச்சுக்கங்க."

அவர் அரை ஓட்டமாகப் போனார். மூட்டில் ஆணி அடித்தாற்போல் வலித்தது. மேற்குக் காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்றும் நீரைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று அவருக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. வெயில் பளிச்சென்று இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஆளும் இல்லை.

பெரிய ஓடையின் விளிம்பில் சரியாக மூன்று மணி. முழங்கால் அளவு இருக்க வேண்டிய நீர், நட்டிருந்த அளவுக்கழியில் இடுப்பளவு காட்டியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரல்கடை ஏறியது.

"எனக்கு நீச்சல் தெரியாது," என்றாள் அல்முட். குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

"எனக்கும் தெரியாது, டீச்சரம்மா. இந்தச் சேத்துல யாரு கத்துக்கிட்டா? பை வாரைப் பிடிங்க. விட்டீங்கன்னா உங்களுக்கு வர்ற கடிதமெல்லாம் நானே பிரிச்சுப் படிப்பேன்."

அவள் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

இறங்கினார்கள். குளிர் எலும்பைப் பிடித்தது. நடுவில் நீர் நெஞ்சுக்கு வந்தது. ஒரு காலைத் தூக்கினால் மறு காலை நீரோட்டம் வாரியது. அல்முட் ஒருமுறை முழுதாக உள்ளே போனாள். வார் விறைத்தது. ஹார்க் கடிதப் பையின் வாயை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாரை இழுத்தார். தொண்டைக்குள் போன உப்புநீரோடு அவருக்குத் தோன்றியது ஒன்றே: வீப்கே, தான் கூட்டியதால்தான் இது நடந்தது என்று நினைத்துக்கொண்டு சாகும் வரை அழுவாள்.

மூன்று பதினொன்றுக்கு எதிர்க்கரைச் சேறு காலில் பட்டது. தீவு மேட்டில் ஏறும்போது மூன்று ஐம்பது.

பையில் இருந்தவை நாற்பத்தாறு உறைகள். ஒன்பது போய்விட்டன. மீதியைத் தீவுக்காரி கெசீனெ அடுப்புக்கு மேலிருந்த கொடியில் துணியோடு சேர்த்துக் காயப்போட்டாள்.

"தபாலைக் குளிப்பாட்டியா கொண்டு வர்றீங்க?" என்றவள், அவர் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டு கோப்பையைத் தானே எடுத்து அவர் வாயருகே பிடித்தாள். சன்னலுக்கு வெளியே, அவர்கள் கடந்த இடத்தில் ஓடை எது கடல் எது என்ற அடையாளமே இல்லை.

மாலையில் தொலைபேசியில் வீப்கேயிடம், "ஓடை கொஞ்சம் உசரமா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் படகில் கரை திரும்பினார். பத்தொன்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அல்முட் தீவில் நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தினாள், ஒருமுறையும் சேற்றில் இறங்கவில்லை. ஹார்க் திங்கட்கிழமையே மறுபடி நடந்தார். ஓய்வு பெறும் வரை, இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள், நடக்கிற நாட்களில் தீவு மேட்டில் கால் வைக்கும் வரை அவரால் ஒரு துண்டு ரொட்டிகூட விழுங்க முடிந்ததில்லை.