போன் போடச் சொல்லும் கட்டம்

இரத்த அழுத்தம் இறங்கும்வரை படுக்கையை விட்டு எழக் கூடாது, மனத்தில் எதையும் போட்டு உழப்பிக்கொள்ளவும் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, மலர்விழிக்கு முதலில் நினைவுக்கு வந்தவை புழுக்கள்தாம். பாலக்கோட்டுக்கு அப்பால், மல்பெரித் தோட்டத்தை ஒட்டிய வளர்ப்பு மனையில், அவள் அப்போதுதான் இளம் பட்டுப்புழுக்களைத் தட்டுகளில் பரப்பிவிட்டு வந்திருந்தாள். பரிசோதனைக்கு வந்த இடத்தில், தர்மபுரி மருத்துவமனையில், படுக்க வைத்துவிட்டார்கள். பேறுகாலத்துக்கு இன்னும் நாளிருந்தது. முதல் கரு தங்காமல் போனவள் என்பதால் இம்முறை எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை.

"புழுவ நான் பாத்துக்கறன். நீ கம்முனு படு," என்றான் கணவன் மாதேஷ்.

அவன் தக்காளி லாரி ஓட்டுபவன். பெங்களூர்ச் சாலையில் எந்தக் கடையில் தேநீர் நன்றாக இருக்கும் என்பதை அறிவான். புழு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்பதை அறியான். தோலுரிக்கும் முன் பட்டுப்புழு தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். எல்லாப் புழுக்களும் எழுவதற்குள் இலையைப் போட்டால், முந்தி விழித்தவை தின்று கொழுக்கும். பிந்தியவை இலைக்கடியில் நலிந்துபோகும்.

வண்டியை நிறுத்திவிட்டு மாதேஷ் வளர்ப்பு மனைக்குள் நுழைந்த நாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. இலையில் ஈரம் இருக்கிறது, போடலாமா? ஒரு புழு தரையில் விழுந்துவிட்டது, எடுத்து வைக்கலாமா? ஒவ்வோர் அழைப்புக்கும் பிறகு அழுத்தம் ஏறிற்று. செவிலி சசிகலா கருவியின் பட்டையைக் கழற்றிக்கொண்டே கண்டித்தாள்.

"உங்க வூட்டுக்காரரு கூப்புடறப்பல்லாம் உனக்கு ஏறுதும்மா. இன்னொரு வாட்டி ஏறுச்சின்னா போன வாங்கி வெச்சிருவன், பாத்துக்க."

மலர்விழி திருமணத்துக்கு முன் ஓசூரில் ஓர் ஆலை அலுவலகத்தில் சரக்கு இருப்பைக் கவனித்தவள். கணினி விரிதாளில் நிபந்தனைச் சூத்திரம் எழுத அங்கேதான் பழகினாள். சரக்கு குறைந்தால் 'வாங்கு', இல்லையென்றால் 'போதும்' என்று கட்டமே சொல்லிவிடும். யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. "எங்க மருமவ சோறாக்கறதுக்கு முன்னாடி அரிசியவே நாலு கேள்வி கேப்பா," என்று மாமியார் தங்கம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

படுத்தபடியே கைபேசியில் ஒரு விரிதாளை அமைத்தாள். வெப்பம், ஈரப்பதம், புழுவின் நிலை என மூன்று கட்டங்கள். மனையில் தொங்கும் கருவியையும், புழு தலையைத் தூக்கி அசையாமல் கிடக்கிறதா என்பதையும் பார்த்து மாதேஷ் அவற்றை நிரப்ப வேண்டும். விடை நான்காம் கட்டத்தில் வரும். புழு தூங்கினால், 'தொடாதே'. விழித்திருந்து வெப்பமும் ஈரமும் அளவாக இருந்தால், 'இலை போடு'. வெப்பம் சற்று மிகுந்தால், 'ஈரச் சாக்குத் தொங்கவிடு'. ஒரு நிபந்தனைக்குள் இன்னொன்றாக அடுக்கி, அவனுக்கும் விரிதாளைத் திறந்துவிட்டாள். அவன் எழுதுவது அவள் கைபேசியிலும் தெரியும்.

முதல் நாளே அவன் அழைத்தான்.

"ஃபால்ஸுன்னு வருது மலரு. மீட்டரப் பாத்துத்தான் எழுதனன். நான் பொய் சொல்றன்னு இதுக்கு யாரு சொன்னா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க பொய் சொல்லலீங்க. கடைசி எடத்த நான் நிரப்பல."

நிபந்தனை எதிலும் அடங்காத நிலை வந்தால் என்ன செய்வது என்று எழுதவேண்டிய இடம் அது. அவளால் முன்கூட்டி எண்ண முடியாதவை எல்லாம் வந்து சேரும் இடம். என்னவென்று எழுதுவது? நெடுநேரம் யோசித்தபின், 'மலருக்குப் போன் போடு' என்று எழுதினாள். எழுதியதும் கண்டிப்பாகச் சொன்னாள்:

"ஷீட்டு சொன்னாத்தான் போன் போடணும். சும்மா சும்மா கூப்புடக் கூடாது, சொல்லிட்டன்."

அதன்பின் அழைப்பு வரவில்லை. கட்டங்கள் மட்டும் ஒழுங்காக நிரம்பின. அழுத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியது. "செல்லுல என்னா கண்ணு, சீரியலா?" என்பாள் மருத்துவமனையில் துணைக்கு இருந்த தங்கம்மாள். "உங்க மவனு எல போடறாருங்கத்த," என்பாள் இவள். கட்டத்தில் எண் விழும்போது அவன் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டு.

ஒருநாள் மாலை தொலைபேசி ஒலித்தது. ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு, போன் போடச் சொல்லிற்று என்றான். ஈரம் மிஞ்சினால் நோய் வந்து தட்டோடு போய்விடும். சன்னல்களைத் திறக்கவும், சுண்ணாம்புத் தூள் தூவவும் மலர்விழி சொன்னாள். "செரி செரி," என்றவன் வைக்கவில்லை. "அம்மா சாப்புட்டாங்களா? நீ? கஞ்சிதானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அன்றிரவு சசிகலா அளவைக் குறித்துவிட்டு முகம் சுளித்தாள்.

மறுநாள் மாலை தொண்ணூற்றொன்பது. அதற்கு மறுநாள் கட்டத்தில் விழுந்த எண்ணைப் பார்த்தவள், சன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகமில்லை. தொலைபேசி ஒலித்தது.

"ஏங்க, ஈரம் எவ்வளவு போட்டீங்க?"

"நூத்திப் பன்னெண்டு."

"நூறுக்கு மேல போனா அது புழு வூடு இல்லீங்க, ஏரி. மீட்டரு எவ்வளவு காட்டுது?"

"எழுவத்தஞ்சு," என்றான்.

"அப்பறம் ஏன் இப்படிப் பண்றீங்க?"

"அதப் போட்டா எல போடுங்குது. எலயப் போட்டுட்டன். போட்டுட்டு அப்பறம் என்னா பண்றதுன்னு அது சொல்ல மாட்டேங்குது, மலரு."

அவள் கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தாள். புழுவெல்லாம் போயிற்றென்று அவள் நடுங்கியதைச் சொல்லவும் சொன்னாள். "தப்புதான், இனிமே பண்ண மாட்டன்," என்று அவன் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டான். அந்த நேரம் பார்த்து சசிகலா கருவியோடு வந்து நின்றாள். மலர்விழி அச்சத்துடன் கையை நீட்டினாள். செவிலி ஒரு முறை அளந்தாள்; நம்பாமல் மறு முறையும் அளந்தாள். படுத்த நாளிலிருந்து இத்தனை குறைவாக இருந்ததில்லை.

அழுத்தத்தை ஏற்றிவிட்டது அவன் குரலன்று, புழுவைப் பற்றிய கேள்விகள்தாம் என்பது அப்போது அவளுக்கு விளங்கிற்று. கேள்விகளைத்தான் விரிதாளிடம் கொடுத்தாகிவிட்டதே. சூத்திரத்தைத் திறந்து, ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரே தொடரைச் சேர்த்தாள். 'தொடாதே. பிறகு போன் போடு.' 'இலை போடு. பிறகு போன் போடு.' எந்த நிபந்தனைக்கும் இதே முடிவென்றால் அதற்குச் சூத்திரம் எதற்கு என்று ஓசூர் அலுவலகத்தில் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். ஏரியானால் மட்டும் என்ன செய்வதென்று கடைசி இடத்தில் எழுதினாள்: 'மீட்டரை மறுபடி பார். பிறகு போன் போடு. பயமுறுத்தாதே.'

மறுநாள் மாலை அவன் அழைத்தான். பேச ஒன்றுமில்லை. புழுவைப் பற்றிப் பேசக் கூடாது, சாப்பாட்டைக் கேட்டாயிற்று. கடைசித் தோலுரிப்பு முடிந்து புழுக்கள் எழுந்திருந்த நேரம் அது. புது இலையைப் போட்டவன் சிறிது தயங்கிவிட்டுக் கைபேசியைத் தட்டின்மேல் பிடித்தான். ஆயிரக்கணக்கான வாய்கள் இலையைத் தின்னும் ஓசை. அவள் ஒலியைக் கூட்டித் தலையணைமேல் வைத்தாள்.

கண்ணயர்ந்திருந்த தங்கம்மாள் விழித்து, "மழயா பேயுது? துணி காயப் போட்டிருக்கனே!" என்று எழுந்து ஓடினாள்.

அதன்பின் மாலைச் சுற்றுக்கு வரும்போதெல்லாம் சசிகலா பட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலருகே நிற்பாள்.

"என்னாம்மா, மழ இன்னும் வரல? வரட்டும், அப்பறம் பாக்கறன்."