காருக்காகப் போட்ட கற்கள்

நாங்கள் வாங்கியது, பின்னால் நீண்ட டிக்கி உள்ள, நடுத்தர அளவுப் பழைய டீசல் கார். நாமக்கல்லில் பணி ஓய்வு பெற்ற ஒருவருடையது. "ஒரே கை ஓட்டுன வண்டிங்க. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்குந்தான் போயிருக்குது" என்றார். நாங்களும் ஆஸ்பத்திரிக்காகத்தான் வாங்குகிறோம் என்று என் அண்ணன் சொன்னதும், பின் இருக்கைக்கென்று தைத்து வைத்திருந்த புது உறையை எடுத்து வந்து தானே மாட்டிவிட்டார்.

அம்மாவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. வாரம் இருமுறை மலையிறங்கிப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முறை தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். இடைப்பட்ட நாட்களில் அரைத் தம்ளர் டீகூட அவளுக்கு அதிகம். சிகிச்சை முடிந்த உடம்போடு பேருந்தில் மலைச்சாலையின் எழுபது வளைவுகளையும் ஏறி வருவது அவளைக் குலைத்துப்போட்டது. படுத்துக்கொண்டு வரக்கூடிய ஒரு பின் இருக்கை வேண்டும் என்பதே எங்கள் தேவை. நல்ல ஜீப் எங்கள் சக்திக்கு எட்டவில்லை. சக்திக்கு எட்டிய ஜீப்புகள் மலையேறும் நிலையில் இல்லை. சாதகபாதகங்களை எடைபோட்டுப் பார்த்துத்தான் காரைத் தேர்ந்தோம். சமூகப்பணி படித்தவள் என்பதால் எடைபோடும் வேலை வீட்டில் எப்போதும் என்னுடையது.

தார்ச்சாலையில் அந்தக் கார் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இருக்கை அகலம், ஏசி குளிர்ந்தது, அம்மா தூங்கிக்கொண்டே வந்தாள். கூர்மையான வளைவுகளில் மட்டும் அதன் நீளத்துக்கு ஒரே திருப்பு போதாது. பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டும். உண்மையான தொல்லை எங்கள் குக்கிராமத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவிலிருந்த மண்பாதை. எடப்புளி நாடு என்கிற எங்கள் மலைப்பகுதியில் பெய்யும் மழை முழுவதும் அதன் வழியாகத்தான் இறங்குகிறதோ என்று தோன்றும். காரின் அடிவயிறோ மிகவும் தாழ்ந்தது.

போகும்போது அம்மா உட்கார்ந்தே வருவாள். எங்கள் மூவரைத் தவிர இன்னும் இருவருக்கு இடமிருக்கும்போது காலியாகப் போவது சரியல்ல என்று நான் நினைத்தேன். ஆகவே மிளகு விற்கப் போகிறவர்களும் மருந்து வாங்கப் போகிறவர்களும் உடன் வந்தார்கள். பக்கத்து வீட்டு மாமா, "டிக்கிக்குள்ள எங்க ஆடு ரெண்டும் குடும்பமே நடத்துமே, ஏனுங்க?" என்று கேட்டார். "ஆட்டுக்கு ஏசி ஆகாது மாமா" என்றான் அண்ணன். மண்பாதையின் மோசமான பள்ளம் வந்ததும் அம்மாவையும் ஓட்டுகிற அண்ணனையும் தவிர எல்லோரும் இறங்கி நடப்போம். பாரம் குறைந்த கார் மெல்ல ஏறிக் கடக்கும். மறுபடி ஏறிக்கொள்வோம். இது யாரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது.

ஒருமுறை விடாமல் மழை பெய்தது. மறுநாள் அம்மாவின் முறை. காலையில் கிளம்பும்போது பள்ளத்தருகே ஊர் ஆண்கள் மண்வெட்டிகளோடு நின்றிருந்தார்கள். பாதையின் நடுவே மழை அரித்த குழியைக் கல் போட்டு நிரப்பியிருந்தார்கள். நாங்கள் கதவைத் திறந்து இறங்கப் போனோம்.

"எறங்காதீங்க, எறங்காதீங்க. இன்னிக்கு நடக்க வேண்டியதில்ல. ரோடு போட்டாச்சு" என்றார் மாமா. அவருடைய வேட்டி முழங்கால் வரை சேறாக இருந்தது.

அவர்களுக்குப் பழக்கமானவை ஜீப்பும் டிராக்டரும். குழி எங்கிருந்தாலும் நிரப்பினால் அது ரோடு. சக்கரம் போகும் தடம் இரண்டும் ஈரத்தில் அமிழும், நடுவில் போட்ட கல் மேலெழுந்து நிற்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு இறங்குவது மரியாதையாகவும் படவில்லை. முழுப் பாரத்தோடு கார் கடந்தது. அடியில் டக்கென்று ஒரு சத்தம். "சின்னக் கல்லுதான், போ கண்ணு" என்றார் மாமா.

வளைவுகளில் பாதி இறங்கியபோது, அண்ணன் முன்னாலிருந்த சிவப்பு விளக்கைக் காட்டினான். எஞ்சினில் ஆயில் தீர்கிறது என்று சொல்லும் விளக்கு. நிறுத்தினால் கார் பிழைக்கலாம், அம்மாவின் முறை போய்விடும். போனால் அம்மா பிழைப்பாள், கார் போகலாம்.

"என்ன பண்ணட்டும் பாப்பா?"

"போண்ணா" என்றேன்.

அடிவாரத்துக்குச் சில வளைவுகள் இருக்கும்போதே எஞ்சின் இறுகி நின்றது. கனத்துப்போன பிரேக்கை மிதித்து அண்ணன் வண்டியைத் தடுப்புச் சுவரோரம் ஒதுக்கினான். பிறகு வந்த பேருந்தில் அம்மாவை ஏற்றினோம். எங்கள் முறை தாண்டிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மனமிரங்கி மாலையில் இடம் கொடுத்தார்கள். திரும்பும்போது மலைப்பேருந்தில் அம்மா என் மடியில் வாந்தி எடுத்தாள்.

அடிவாரத்து மெக்கானிக் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆயில் தொட்டி பிளந்திருக்கிறது, எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவில் இதுபோல் இன்னொரு காரே வாங்கலாம் என்றார். கார் அங்கேயே தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது.

வாரம் இருமுறை என்பது ஒருமுறை ஆயிற்று. பிறகு அதற்கும் அம்மா எழவில்லை. வாடகை ஜீப்பை அழைத்து வந்தேன். வாசலில் நின்ற ஜீப்பை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"போதும் கண்ணு. என்னைய தூக்கிக்கிட்டு அலையாதீங்க" என்றாள்.

ஆயில் தொட்டியைப் பிளந்தது அவர்கள் போட்ட கல்தான் என்று ஊராரிடம் சொல்லிவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். நாளை இன்னொருவர் கார் வாங்கக்கூடும், தெரிந்திருப்பது நல்லதுதானே.

"வாயத் தொறந்துராத சாமி. எனக்குன்னு மழையில சொமந்துக்கிட்டு வந்து போட்ட கல்லு. சொன்னா இனி ஒருத்தருக்கும் கைய நீட்டப் பயப்படுவாங்க."

நான் எடைபோட்டுப் பார்த்தேன். இரு பக்கமும் இழப்பாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

போன வாரம் மறுபடி மழை. விடிந்ததும் பாதையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கற்களைத் தேடியெடுத்துக் குழியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "கார் ரெடியாகி வந்தா சவுரியமா இருக்கோணுமில்ல" என்று மாமா எங்கள் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா, கால் வீங்கி, மூச்சிரைப்புக்கு நடுவே சொன்னாள்: "அவங்களுக்கெல்லாம் டீ வெச்சுக் குடு."

போட்டு எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது மறுபடி கூப்பிட்டாள்.

"எனக்கும் ஒரு தம்ளர். நெறைய ஊத்து."

நான் நிறைய ஊற்றினேன்.