சாட்சி இல்லாத ராக் குழு

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி அறையில், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டித் தொடங்கியது எங்கள் ராக் குழு. மூன்றே பேர். நான் பேஸ் கிட்டார், பாட்டும் நானே. லீட் கிட்டார் என் மனைவியின் தம்பி. காஜாங்கில் பள்ளி ஆசிரியர். டிரம்ஸ் வாசிப்பவன் என்னோடு படித்தவன். பண்டமாரானில் வீடு, துறைமுகக் கிடங்கில் வேலை. மூப்பர்கள் எங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆராதனை முடிந்த பிறகு, கதவை மூடிக்கொண்டு, ஏர்கோன் போடாமல் வாசிக்கலாம்.

இப்படியே பல வருடங்கள் இயேசுவுக்காக வியர்த்தோம். வெளியே கூப்பிட்டவர்கள் குறைவு. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு புதுமனை ஜெபத்தில் இரண்டாவது பாட்டிலேயே மின்சாரம் போய்விட்டது. வீட்டுக்காரர், “கர்த்தர் பதில் குடுத்துட்டாரு” என்று சொல்லிவிட்டு எங்களைச் சாப்பிட உட்கார வைத்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் மின்சாரம் வந்தது. எங்களை மறுபடி வாசிக்க யாரும் கேட்கவில்லை.

அந்த நிலையில்தான் கிள்ளானில் ஓர் எழுப்புதல் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பெரிய மண்டபம், உண்மையான மேடை, உண்மையான ஒலிபெருக்கிகள். ஏற்பாட்டாளர் தொலைபேசியில் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“பாட்டெல்லாம் கேட்டேன் பிரதர். பரவால்ல. சாட்சி என்ன?”

எங்கள் ஆட்களின் கூட்டங்களில் பாட்டு மட்டும் போதாது. பாட வருபவன் முதலில், தான் எந்தக் குழியில் கிடந்தான், இயேசு எப்படித் தூக்கிவிட்டார் என்று பத்து நிமிடமாவது சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி. குழியின் ஆழத்தைப் பொறுத்துக் கூட்டம் அழும்.

“முன்னாடி நீங்க என்னவா இருந்தீங்க?” என்றார்.

“இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.”

“இப்ப?”

“சீனியர் ஏஜென்ட்.”

“போன தடவ வந்த பிரதர் பாராங் கத்தி வெட்டுக் காயத்தக் காட்டுனாரு. மண்டபமே அழுதுச்சு. உங்ககிட்ட காயம் கீயம் ஏதாச்சும்?”

“அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் தழும்பு இருக்கு.”

“அத மேடையில காட்ட முடியாது பிரதர். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒன்னு சொல்லுங்க. இல்லன்னா வேற குழுவுக்குக் குடுத்துருவேன் லா.”

அன்று மாலை மாமாக் டீக்கடையில் மூவரும் உட்கார்ந்து எங்கள் வாழ்க்கையில் பாவம் தேடினோம். மச்சான் ஒருமுறை சபைத் திருவிருந்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு அப்பத் துண்டு எடுத்திருக்கிறார். டிரம்மர் லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் ஓட்டியிருக்கிறான்.

“போலீஸ் புடிச்சாங்களா?” என்று ஆவலாகக் கேட்டேன்.

“இல்லடா. வழி சொல்லி அனுப்பிவிட்டாங்க.”

கடைசியில் குடி என்று முடிவாயிற்று. குடிப்பதற்கு வெட்டுக்காயம் தேவையில்லை. உண்மையில் நான் ஒரே ஒருமுறை, ஒரு கல்யாணத்தில், அரை கிளாஸ் பீர் குடித்து மாப்பிள்ளையின் செருப்பில் வாந்தி எடுத்தவன். ஏற்பாட்டாளருக்கு ‘குடி’ என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ‘ஸ்தோத்திரம். சிஸ்டரையும் கூட்டிட்டு வாங்க. கடைசியில மேடையில உங்க பக்கத்துல நிக்கணும். அழுதா நல்லது.’

மனைவியிடம் சொன்னேன்.

“நீங்க குடிகாரன்னா நான் யாரு? அடி வாங்குன பொண்டாட்டியா? முன்வரிசையில எங்கம்மா உக்காந்திருப்பாங்க. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருவாங்க.”

“அடிக்காத குடிகாரன்னு சொல்றேன்.”

“குடிக்காத குடிகாரன்னும் சேத்துச் சொல்லிருங்க.”

வருவேன், ஆனால் மேடை ஏறமாட்டேன் என்றாள். தம்பி வாசிப்பதைப் பார்க்கத்தான் வருகிறாளாம்.

கூட்டத்தன்று மேடைக்குப் பின்னாலிருந்து நான்கு முறை கழிப்பறைக்குப் போனேன். ஐந்தாவது முறை கிட்டாரையும் தோளில் மாட்டிக்கொண்டே போய்விட்டு, கதவில் இடித்துக்கொண்டு திரும்பினேன். குடிகாரன் எப்படி நடப்பான், எந்தக் கடையில் குடித்தேன், முதல்நாள் யார் வாங்கிக் கொடுத்தது என்றெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் தேர்வுக்குப் படிப்பவனைப் போல உதடு அசைந்துகொண்டே இருந்தது.

ஒலிபெருக்கி வயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர் ஒருவர் என்னிடம் வந்தார். என்னைவிட மூத்தவர்.

“அண்ணே, நீங்களும் குடியாமே?”

“ஆமா.”

“எத்தன வருசம்?”

“ஆறு.” எங்கிருந்து வந்தது அந்த ஆறு, தெரியவில்லை.

“எனக்கு இருவது. விட்டு நாலு வருசமாச்சு. மக இன்னும் என் போன எடுக்கமாட்டா.” வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே பேசினார். “உங்க வீட்டம்மா கூடவே வந்திருக்காங்களே, பாத்தேன். எப்படிண்ணே திரும்பப் பேச வெச்சீங்க? சொல்லுங்க, நானும் செஞ்சு பாக்குறேன்.”

அந்தக் கேள்விக்கு நான் மனப்பாடம் செய்திருக்கவில்லை.

“மேடையில சொல்றேன்” என்றேன். கோழைகள் வாக்குக் கொடுப்பதில் வேகமானவர்கள்.

அவர் அதை நம்பி, பக்கவாட்டு ஒலிபெருக்கியின் அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஏற்பாட்டாளர் என்னைக் ‘குடியின் பிடியிலிருந்து மீண்ட சகோதரன்’ என்று அறிமுகப்படுத்தினார். மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் மாமியார் புருவத்தை உயர்த்தினார். ஒலிபெருக்கிப் பக்கம் அந்த மனிதர் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் குடிகாரன் இல்ல” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “எப்பவும் இருந்ததில்ல. மேடை கெடைக்கணும்னு பொய் சொன்னேன். என் பொண்டாட்டி எங்கிட்ட எப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்கா. பேசாம வெக்கிறதுதான் கஷ்டம்.”

பழக்க தோஷத்தில் ஓர் ஆன்டி மட்டும், “ஸ்தோத்திரம்” என்றார். டிரம்மர் பதற்றத்தில் சிம்பலைத் தட்டிவிட்டான்.

ஓடிப்போய்விடலாம் என்று வலது காலை எடுத்தேன். அதற்குள் ஏற்பாட்டாளர் மைக்கைப் பறித்துவிட்டார். இனி எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“பாத்தீங்களா ஜனங்களே!” என்று முழங்கினார். “பொய்யின் ஆவி இவர விட்டு ஓடுது! இப்ப, இந்த நிமிஷம், உங்க கண்ணு முன்னாடி!”

மண்டபம் எழுந்து நின்றது. கைதட்டல், அழுகை. போன தடவை வெட்டுக்காயத்துக்குக்கூட இவ்வளவு அழவில்லை என்று பிறகு சொன்னார்கள். நாங்கள் ஆறு பாட்டு வாசித்தோம். நான் வரி மறந்து உளறியதைப் பரிசுத்த ஆவி என்று நினைத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் ஒல்லியான மனிதரைத் தேடிப் போனேன். என் கிட்டாரின் வயரைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிருங்கண்ணே” என்றேன்.

“பரவால்லண்ணே. நீங்க ஏதாச்சும் வழி சொல்லி, நான் செஞ்சு, அப்பவும் அவ எடுக்கலன்னா?” வயரை என் கையில் வைத்தார். “இதுவே நல்லது.”

அதற்குப் பிறகு அழைப்புகள் வந்தன. எல்லாருக்கும் அந்தப் பொய் சாட்சிதான் வேண்டுமாம். இரண்டு சபைகளில் சொன்னேன். இரண்டாவது சபையில், ‘பொய் சொன்னேன்’ என்பதற்கு முன்னால் நானாகவே ஓர் இடைவெளி விட்டேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் டிரம்மர் கேட்டான்: “டேய், அழுதியே, நெஜமாவா?”

“பாதி.”

“மிச்சப் பாதிக்கு அடுத்த சர்ச்சுல சாட்சி சொல்லணும் லா.”

மச்சான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ குனிந்து உட்கார்ந்து என் வாயைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அடுத்து ஷா ஆலமிலிருந்து ஒருவர் கூப்பிட்டபோது, சாட்சி கிடையாது, பாட்டு மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

“பாட்டு மட்டுமா?” என்றார். எழவு வீட்டில் பேசுவதுபோல் குரல் இறங்கிவிட்டது. “பாஸ்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுறேன் பிரதர்.”

இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஞாயிறுதோறும் கதவை மூடிக்கொண்டு வாசிக்கிறோம்.