ஏறியாச்சு, எறங்கியாச்சு

சூலக்கரைப் பக்கத்துச் சப்ஸ்டேஷன் ஒன்றில் தேவாசீர்வாதம் ஆபரேட்டர். லைனுக்குக் கரண்டைக் கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். கரண்டை நிறுத்தின பிறகு லைன்மேன் கம்பத்தில் ஏறியதும் கூட இருப்பவர் டெலிபோனில் ‘ஏறியாச்சு’ என்பார். வேலை முடிந்ததும் ‘எறங்கியாச்சு’ என்பார். அதைக் கேட்ட பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். ஒரு மனுஷன் உயிரை இந்த இரண்டு சொல்லில் தொங்கவிட்டிருந்தார்கள், புண்ணியவான்கள்!

1955, தீபாவளிக்கு முந்தின வாரம். சிவகாசி அச்சாபீஸ்களில் பட்டாசு லேபிள் ஆர்டர் குவிந்து கிடந்தது. “கரண்டு எப்பம் வரும்?” என்று ஆளுக்கு ஆள் போனில் பிடுங்கியெடுத்தார்கள். ஆமத்தூர் லைனுக்குப் போயிருந்த லைன்மேன் கோட்டைச்சாமிக்கு மழையால் கம்பம் ஏறவே நேரமாகிவிட்டது. இது தேவாசீர்வாதத்துக்குத் தெரியாது. ஏறினதைச் சொல்லக் கூப்பிட்டபோது போன் வேறு யாரிடமோ சிக்கியிருக்கும், இந்நேரம் வேலையே முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி மணி அடித்தது. கரகரப்புக்கு நடுவே ‘...யாச்சு’ என்று மட்டும் காதில் விழுந்தது. ‘இன்னொருக்கா சொல்லு’ என்று கேட்டிருக்கலாம். பாழாய்ப்போன அவசரம், கேட்கவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டார். கோட்டைச்சாமி அப்போதுதான் ஏறி முடித்திருந்தான்.

விசாரணைக்கு வந்தவர்கள் டெலிபோன் கோளாறு என்று எழுதி அவரை விட்டுவிட்டார்கள். அவரால்தான் விட முடியவில்லை. பதினாறாம் நாள் ஆமத்தூருக்குப் போய், செத்தவனின் தம்பி சோலைமலை முன்னால் நின்றார்.

“போன் மேல தப்பில்லப்பா. நாந்தான் சரியாக் கேக்கல.”

சோலைமலை கையை ஓங்கவில்லை, வையவுமில்லை. “இனிமே எங்க வாசப்படிய மிதிக்காதீக” என்றான், மரியாதை குறையாமல். நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அதோடு அந்த மனிதர் தனிமரமானார். ஞானபூரணி டீச்சரோடு பேசி முடித்திருந்த கல்யாணத்தை அவரே வேண்டாமென்றார். கோயிலில் கடைசி வரிசை. குவார்ட்டர்ஸில் ஒற்றை ஆளுக்கு ஓர் அடுப்பு. பேச்சுத் துணைக்கு டிரான்ஸ்பார்மரின் இரைச்சல். என்ன பிழைப்பு அது!

இரண்டு வருஷம் அரத்தை வைத்துப் பித்தளையை ராவிக்கொண்டே இருந்தார். சுவிட்ச் கைப்பிடிக்கு ஒரு பூட்டு. கரண்டை நிறுத்தினால்தான் சாவி வெளியே வரும். சாவியைத் திரும்பப் போட்டால்தான் கைப்பிடி அசையும். அந்த ஒரே சாவியை லைன்மேன் இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பம் ஏற வேண்டும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் செய்தது களிம்பேறிச் சிக்கிக்கொண்டது. இரண்டாவது, ஓங்கி இழுத்தால் வாயைப் பிளந்தது. மூன்றாவதுதான் நின்றது.

பார்க்க வந்த இன்ஜினியர் சிரித்தார். “சாவி தொலஞ்சா ஊரே இருட்டாக் கெடக்குமேய்யா?”

“கெடக்கட்டும் சார். விடிஞ்சா வெளிச்சம் வந்திரும். செத்தவன் வருவானா?”

இன்ஜினியர் கைப்பிடியைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். எல்லா லைனுக்கும் பூட்டு ஏறியது.

1958-இல், அண்ணன் பார்த்த வேலைக்குச் சோலைமலையே வந்து சேர்ந்தான். காலையில் கையை நீட்டுவான். இவர் சாவியைக் கொடுப்பார். வேலை முடிந்ததும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவான். ஆறு வருஷம் ஒரு பேச்சு கிடையாது. பேச்சே தேவைப்படாத பூட்டைச் செய்தவருக்கு, அந்த வீட்டு ஆள் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டானா என்ற ஏக்கம் மட்டும் தீரவில்லை. கேட்கவும் அவருக்கு வாயில்லை.

1964 ஐப்பசியில் ஒரு நாள். ஆமத்தூர் லைனுக்குப் போன சோலைமலை மத்தியானம் ஆகியும் திரும்பவில்லை. வெளியே பேய்மழை. சாவி அவனிடம் இருக்கிறது, லைனில் கரண்டு பாயாது, ஆளுக்கு ஆபத்தில்லை, எல்லாம் தெரியும். தெரிந்தும் தேவாசீர்வாதம் சோற்றில் கை வைக்காமல் காலியான சாவித் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெலிபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

“சோலைமலை பேசுதேன். ஓடையில தண்ணி போகுது. சாவியக் கொண்டார நேரமாகும்.” அதோடு போனை வைத்துவிடவில்லை. “நீங்க சாப்பிடாமக் கெடப்பீகன்னு தெரியும்ணே. எறங்கியாச்சு.”

கரகரப்பே இல்லை. அட்சரம் பிசகாமல் கேட்டது. இருந்தும் அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“இன்னொருக்கா சொல்லுப்பா” என்றார்.